இரும்புச் சட்டைக்குள் ஒரு குரல்

பிரபு ஆன்சோவின் தலை இரும்பு வளையங்கள் கோத்த போர்ச்சட்டைக்குள் சிக்கியிருக்கிறது. கைகள் இரண்டும் மேலே தூக்கியபடி நிற்கின்றன. ஆறு வருடங்களுக்கு முன் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட அன்று வழுக்கிக்கொண்டு இறங்கிய சட்டை, இன்று தோளைத் தாண்ட மறுக்கிறது. மனைவி மஹோ விளிம்பைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள். சன்னல் வெயில் வளையங்களில் பட்டுக் கல்சுவரெங்கும் பொட்டுப் பொட்டாக நடுங்குகிறது. பன்றிக்கொழுப்பு பூசிய இரும்பின் வாடை. கீழே முற்றத்தில் குதிரைகள் பொறுமையிழந்து கல்லை உதைக்கின்றன. "மச்சான், கல்யாணப் பொண்ணுகூட இந்நேரம் சிங்காரிச்சு முடிச்சிருப்பா!" என்று மஹோவின் தம்பி கீ கத்துகிறான். அவனோடு போருக்குப் புறப்பட நிற்கும் நாற்பது பேர் சிரிக்கிறார்கள். ஈஸ்டர் விருந்தில் அவர்கள் முன்னால்தான் ஆன்சோ மறுபடியும் போருக்கு வருவதாகச் சத்தியம் செய்தார். "மஹோ, இழுக்காத," என்கிறது இரும்புக்குள்ளிருந்து ஒரு குரல். "அங்க நான் என்னெல்லாம் பண்ணினேன்னு உனக்குத் தெரியாது. என்னால திரும்பப் போக முடியாது. சட்டை பத்தலன்னு சொல்லிடு." அவள் கை நின்றுவிடுகிறது. "சொன்னா, கீ தன்னோட சட்டையக் கழட்டிக் குடுப்பான்," என்கிறாள். "அப்போ கொஞ்ச நேரம் இப்படியே நிக்கிறேன்," என்கிறது குரல். சட்டைக்குள் அவர் தோள்கள் குலுங்குகின்றன, வளையங்கள் மெல்லக் கிணுகிணுக்கின்றன. மஹோ அசையாமல் நிற்கிறாள். படிக்கட்டில் தம்பியின் காலடிச் சத்தம் ஏறி வருகிறது. அவள் முழுப் பலத்தையும் கூட்டி ஒரே இழுப்பாக இழுக்கிறாள். தலை வெளியே வருகிறது. தன் அங்கி நுனியால் அவர் கண்களை அழுத்தித் துடைத்துவிட்டு விலகுகிறாள். கதவு திறக்கும்போது ஆன்சோ சிரித்துக்கொண்டிருக்கிறார்.