பிடுங்கிய முளை

1979இல் பால் சொசைட்டிக்குச் சிமென்ட் தரை போட்டபோது, நடுவிலிருந்த பழைய மாட்டு முளையைப் பிடுங்கச் சொன்னவள் சொக்கம்மாள்தான். அதில் கால் தடுக்கி இரண்டு முறை அவளுடைய பால் கொட்டியிருந்தது.

மானாம்பதிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊர் உண்டானதே அந்த முளையால்தான். பஞ்சத்தில் மாடுகளைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போன ஏழு குடும்பங்களின் பசுக்களில் ஒன்று களைத்து அங்கே படுத்துவிட்டதாம். அங்கேயே முளையடித்துக் கட்டி, சுற்றிலும் குடிசை போட்டார்களாம். பொங்கலுக்குப் பொங்கல் அதற்கு மஞ்சள் பூசுவார்கள்.

பிடுங்கிய அன்றிலிருந்து சொக்கம்மாளின் பசு படுக்கவில்லை. அசை போடுவதும் நின்றபடிதான். மூன்றாம் நாள் பால் ஊற்றும்போது அதைச் செக்ரட்டரி ஏகாம்பரத்திடம் சொன்னாள். அவர் பாலை அளந்துகொண்டே பதில் சொன்னார்.

“எங்க வூட்டு மாடும் நின்னுக்கினேதான் கீது. தெருவுல எல்லா மாடும் அப்டித்தான். கொசுக்கடியா இருக்கும்.”

“அந்த முளை எங்கண்ணா?”

“மேஸ்திரி அன்னிக்கே டீ போட அடுப்புல வெச்சி எரிச்சிட்டாரே.”

சாயங்காலம் மாடுகள் தெற்கே பார்த்து நின்றன. வீட்டில் அவள் புருஷன் வீராசாமி தட்டைக் கையில் பிடித்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“உக்காந்து துன்னேன்யா.”

“இன்னான்னு தெரில, உக்காரவே தோணல.”

அவள் வாசலுக்கு வந்தாள். தெரு நெடுக ஆட்கள் நின்றிருந்தார்கள். இடுப்பு கனத்தது. குனிந்து பார்த்தாள். பால் குண்டானையும் இரண்டு புடவையையும் வைத்துக் கட்டிய மூட்டை இடுப்பில் இருந்தது. அதை எப்போது கட்டினாள் என்று அவளுக்கு நினைவில்லை.