எரிந்த காட்டிலிருந்து ஒரு டாக்டர்

மரங்கொத்தி தன் காட்டில் மரங்களுக்கு டாக்டராக இருந்தது. காடு தீப்பிடித்ததும் உயிர் தப்பி இந்தக் காட்டுக்கு வந்தது.

"நீ குணமாக்கின மரம் ஒண்ணைக் காட்டு, அப்புறம் வைத்தியம் பாக்கலாம்" என்றது அதிகாரி ஆந்தை.

"எல்லாம் எரிஞ்சுபோச்சே, ஐயா."

"அப்போ சருகு பொறுக்கு."

பாவம், பொறுக்கியது. ஒருநாள் அணில் ஓடிவந்தது.

"என் மரத்தை உள்ளே ஏதோ அரிக்குது. வந்து பாருங்க. குணமானா ஆந்தைக்குக் காட்ட உங்களுக்கும் ஒரு மரம் ஆச்சு."

மரங்கொத்தி தயங்கியது. "தொழிலை விட்டு நாளாச்சும்மா. அலகு தவறிட்டா?"

"பிள்ளைங்க உள்ளேதான் தூங்குதுங்க. மெதுவா தட்டுங்க, டாக்டர்."

இந்தக் காட்டில் யாரும் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை. மரங்கொத்தி அலகை இறகில் துடைத்துக்கொண்டு, பட்டையில் காதை வைத்தது.