எண்ணெய்க்காக எவனும் வரமாட்டான்

"எண்ணெய்க்காக எவனும் அடுத்தவன் வீட்டுக்குள்ள பட்டாளத்தோட நுழைய மாட்டான், வே. ஓவர்."

திருநாவுக்கரசு மைக்கின் பொத்தானை விட்டார். அழுத்தியிருக்கும் வரைக்கும் தன் பேச்சு, விட்டால்தான் எதிர்ப்பேச்சு காதில் விழும்.

கச்சால் தீவின் போலீஸ் வயர்லெஸ் குடிசை அது. இப்போது ஆள் அவர் ஒருத்தர்தான். லீவில் போன கூட்டாளி, கப்பல் வராததால் மெயின்லேண்டிலேயே மாட்டிக்கொண்டான்.

எதிர்முனையில், கார் நிக்கோபாரில், பக்தவத்சலம். காஞ்சிபுரத்துக்காரர். இருவரும் இதுவரை முகம் பார்த்ததில்லை. ஆள் ஒல்லியா குண்டா என்றுகூடத் தெரியாது. ஆனால் சாயங்காலம் அந்தக் குரல் வராவிட்டால் திருநாவுக்கரசுக்குச் சோறு இறங்காது.

வேறு யார் இருக்கிறார்கள் பேச? முன்னால் கடல், பின்னால் காடு. சிலோனிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழ் ஜனங்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள். காக்கிச் சட்டையைக் கண்டதும் தோள் துண்டை இறக்கிவிட்டு, பேச்சையும் நிறுத்திவிடுவார்கள். தனிமை மனுஷனை எலும்பு வரை தின்றுகொண்டிருந்தது.

அரபுக்காரன் எண்ணெய்க் குழாயை மூடினாலும் மூடினான், பக்தவத்சலத்துக்கு அதே பேச்சாகிவிட்டது. எண்ணெய் இல்லாமல் ஒரு பொழுது ஓட்ட முடியாதவன்தான் இன்றைக்கு வல்லரசு என்பார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், பங்களாதேஷ் சண்டையின்போது, நம்ம கடலுக்குள்ளேயே அமெரிக்கக் கப்பற்படை வந்து மிரட்டவில்லையா? நாளைக்குப் பாலைவனத்திலும் இறங்குவான், பாரும்!

"கொள்ளையடிக்க வந்தேன்னா சொல்லுவான்? காவலுக்கு வந்திருக்கேம்பான்யா!"

உள்ளுக்குள் திருநாவுக்கரசுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் நாளைக்குப் பேச என்ன இருக்கிறது? அதனால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

ஜன்னலுக்கு வெளியே பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் என்ஜின், நீலப் புகையை இருமிக்கொண்டு ஓடியது. அது ஓடினால் பாட்டரி. பாட்டரி இருந்தால் குரல். பெட்ரோல் தீர்ந்தால் எல்லாம் பந்த்.

பெட்ரோல் வருவதோ நின்றேபோயிற்று. காலையில் வானிலைத் தகவலுக்கும் அவசரச் செய்திக்கும் மட்டும் என்ஜினை ஓட்டு என்று போர்ட் பிளேரிலிருந்து உத்தரவு. சுற்றியிருந்த தீவுகள் ஒவ்வொன்றாகச் சாயங்காலத்தில் ஊமையாகிவிட்டன.

"உமக்கு மட்டும் எப்படிய்யா இன்னும் ஓடுது?" என்றார் பக்தவத்சலம். விமானப்படை முகாம் கரண்டில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும், பாவம், வெறும் ஆச்சரியம்தான்.

சிக்கனமாக இருந்தேன், வே, என்றார் இவர்.

அப்போது கடற்கரைப் பக்கமிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ படகு என்ஜினின் கயிற்றை இழுக்கிறார்கள். வெறும் செருமல். மறுபடி இழுப்பு. மறுபடி செருமல்.

திருநாவுக்கரசு குரலை உயர்த்தினார். எங்க ஊர்ல ஆமணக்கெண்ணெய் விளக்கு வச்சுப் பிழைக்கலையா? கிடைக்கலைன்னா மனுஷன் இல்லாமலே இருந்துக்கிடுவான். மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல, வே?

கயிறு இழுக்கும் சத்தம் நின்றது. இவர் நிறுத்தவில்லை. அமெரிக்காக்காரனுக்குப் பணம் இருக்கு, விலை குடுத்து வாங்குவான், திருடவா போறான் என்று மூச்சுவிடாமல் பேசினார்.

வாசலில் நிழல் விழுந்தது.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஜம்புலிங்கம் நின்றிருந்தார். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தோளில் மருந்துப் பை, முழங்கால் வரை ஈரம்.

"படகுல தேல் பூரா காலி, சார், ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல. தோட்டத்து ஆளுங்கதான் படகுக் கொட்டகைக்குள்ள எப்படியோ பூந்திருக்கானுங்க. கிழக்குக் கரையில ஒரு குழந்தைக்கு ஜுரம் அடிச்சுக் கொளுத்துதாம், நான் நடந்தே போறேன். கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டுட்டேன். இந்தச் சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும். போலீஸ் கையில இருந்தாத்தான் நமக்குத் தைரியம்."

திருநாவுக்கரசு மேசைக்கு அடியிலிருந்த டின்னைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார். ஆயில் கலந்த படகுப் பெட்ரோல், அடியில் கொஞ்சம் தளும்பியது.

கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

பழைய பூட்டின் சாவி தொங்கிய ஆணியிலேயே இதையும் மாட்டினார். எடுத்துக்கிட்டுப் போங்க, கொஞ்சம் இருக்கு என்று சொல்லிவிடலாம். டின்னை மறைத்த காலை எடுக்காமலே நின்றார்.

ஜம்புலிங்கம் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். காட்டுப் பாதையில் வெளிச்சம் இருக்கும்போதே பாதி தூரமாவது போய்விட வேண்டும் என்ற அவசரம் நடையில் தெரிந்தது.

"என்னய்யா, பதிலையே காணோம்? ஒத்துக்கிட்டீரா? ஓவர்" என்றது வயர்லெஸ் பெட்டி.

திருநாவுக்கரசு ஆணியைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார்.

"எவனும் வரமாட்டான்" என்றார்.

விட்டால்தான் அந்தக் குரல் வரும். அவர் பொத்தானை விடவே இல்லை.