மருந்து வைத்தவள்

"சாப்பிட்டு அரை மணி நேரம். அப்புறம் அடிவயித்துல உருளும். சரிதானே?"

கிள்ளை கிராமத்து ரத்தினம்மாள் கேட்டதும் அமிர்தம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவளும் மகன் கலைமணியும் மருமகளும் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் யாரும் வாயே திறக்கவில்லை.

ரத்தினம்மாள் மருந்து எடுப்பவள். யாராவது சோற்றில் மருந்து வைத்துவிட்டால், வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுத்துவிடுவாள் என்று கடலூர் வரைக்கும் பேச்சு.

கலைமணி சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்தான். ஆறு மாதத்தில் பாதி ஆளாகியிருந்தான். அமிர்தமும் சும்மா இருக்கவில்லை. செம்மண்டலத்து வீட்டில் கட்டியிருக்கும் பசுவைத் தானே கறந்து, காய்ச்சி, வேளைக்கு ஒரு சொம்பு பால் கொடுத்துத் தேற்றிப் பார்த்துவிட்டாள். உடம்பில் ஒட்டினால்தானே.

அவன் தொப்புளில் குழலை வைத்து ரத்தினம்மாள் உறிஞ்சினாள். மூன்றாவது உறிஞ்சலில் அவள் உடம்பே குலுங்கியது. கிண்ணத்துத் தண்ணீரில் எதையோ துப்பினாள். கறுப்பாக, முடி சுற்றிய ஓர் உருண்டை. தண்ணீருக்குள் அது மெல்லத் திரும்பிப் படுத்தது, உயிர் இருப்பது போல.

"நாப்பத்தெட்டு நாளைக்குப் பாலு, தயிரு, மோரு எதுவும் ஆவாது. உள்ள ஒட்டியிருக்கிற மிச்சம் பாலைக் கண்டா மறுபடி வளரும்."

"வச்சது யாரு?" என்றாள் அமிர்தம்.

ரத்தினம்மாள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள்.

"பின்னாடி உக்காந்திருக்கா."

பின்னால் இருந்தது மருமகள் வினோதினி. அழவில்லை. மறுக்கவில்லை. அந்தக் கிண்ணத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்புச் செய்யாதவள் இப்படியா இருப்பாள்? அமிர்தம் மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே அவளைச் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

"எனக்கு எம் புள்ள உசிரோட வேணும்" என்று சொல்லிவிட்டு அமிர்தம் ஆட்டோவில் ஏறினாள். கலைமணி தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே ஏறினான்.

ஒரே வாரத்தில் வலி போனது. மாதம் முடிவதற்குள் அவன் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மருமகள் மறுபடி வாசல் மிதிக்காதபடி ஒரு தாயத்து வாங்கலாம் என்று, தட்டு நிறையப் பழத்தோடு அமிர்தம் கிள்ளைக்குப் போனாள்.

ரத்தினம்மாள் தட்டைத் தொடவில்லை.

"ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். வீட்ட விட்டே தொரத்திட்டீங்களாமே. இனிமே என்னால மறைக்க முடியாதும்மா."

"எத?"

"நீங்க இங்க வரப்போறது தெரிஞ்சு, மூணு நாள் முன்னாடியே அந்தப் பொண்ணு வந்திச்சு. வீட்டுக்காரரு என்னென்ன சாப்பிட்டா வலிக்குதுன்னு எழுதி எடுத்துட்டுப் போயி டாக்டருகிட்ட காட்டியிருக்கு. ஒங்க புள்ள வயித்துக்குப் பாலுதான் ஒத்துக்கலையாம்."

"பாலா?" என்றாள் அமிர்தம். "நான் குடுத்த பாலா?"

"அதுக்குத்தான் அது எங்கிட்ட வந்திச்சு. 'டாக்டர் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா பாலை நிறுத்திடுவாங்க. ஆனா தங் கையால குடுத்த பாலாலதான் வலின்னு தெரிஞ்சா அத்தை தாங்க மாட்டாங்க. வச்சது யாருன்னு கேட்டா எம் பேரச் சொல்லிடுங்க'ன்னிச்சு."