பூசணிப்பூத் திருடன்

திருடனைக் கையும் பூவுமாகப் பிடித்துவிட்டாள் தெரசம்மாள்.

செம்பூரில் அவள் குடியிருந்த, வரிசையாய் ஒற்றை ரூம்கள் கொண்ட சாலுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த பூசணிக்கொடி. விடிந்தும் விடியாத நேரம். கொடிக்குள் குனிந்து நின்றவன் பக்கத்து ரூம் நயினார். மில் ஸ்டிரைக்கில் வேலை போய், இப்போது வாட்ச்மேன் டியூட்டி முடிந்து அந்நேரத்துக்குத்தான் வீடு திரும்புவான். கையில் மூன்று பூசணிப்பூ.

“ஏ நயினாரு! நாதியத்தவ தோட்டம்னுதானே கை வைக்கே?”

“இல்லக்கா… அது வந்து…”

“என்ன வந்து? அவுக இருந்திருந்தா இப்படித் துணிஞ்சு வருவியா? இன்னொரு தடவை இங்க பாத்தேன், சால் முழுக்கச் சொல்லிருவேன்!”

அவன் பூக்களைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து போனான்.

தெரசம்மாளின் கணவர் சேசுராஜ் ஆஸ்பத்திரியில் இறந்துபோய் ஐந்து மாதம். பிள்ளைகுட்டி கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை முடிந்து வந்தால், ராத்திரி படுக்கும்வரை வாய் திறக்க ஆள் இல்லை.

கொடியைச் சுற்றிச் செண்டுப்பூவும் காசித்தும்பையும் வைத்தது அவள்தான். வருஷா வருஷம் வைப்பாள். முதல் காய் பிடித்ததும் சேசுராஜ் சொல்வார்: “ஏட்டி, ஒஞ் செண்டுப்பூவைத் தேடித்தான் தேனீ வருது. அது வந்தாத்தான் காய்.”

அவள் ஒரு தேனீயைக்கூடப் பார்த்ததில்லை. தான் வேலைக்குப் போன பிறகு வருமாயிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். இந்த வருஷமும் நாலு காய் பிடித்திருந்தது.

அதன் பிறகு நயினார் அந்தப் பக்கமே வரவில்லை. பூவெல்லாம் கொடியிலேயே இருந்தது. ஆனால் பிஞ்சுகள் ஒவ்வொன்றாய்ப் பழுத்து உதிர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக்கூடப் போகாமல் கொடி ஓரமே உட்கார்ந்து பார்த்தாள். செண்டு கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்தது. ஆலைப் புகை வந்தது. தேனீ வரவில்லை.

நயினாரின் மனைவி முப்பிடாதியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பிஞ்சு நிக்க மாட்டேங்கு, முப்பிடாதி. ஒம் புருஷனை ஏசின பாவமோ என்னமோ.”

“பாவமெல்லாம் இல்லக்கா. ஆண்பூவைப் பறிச்சு, பிஞ்சோட இருக்கிற பூவுல தடவினாத்தான் காய் நிக்குமாம். அவரு தினமும் அதைத்தான் செஞ்சாரு.”

தெரசம்மாள் திகைத்துப்போனாள்.

“அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில வச்சு சத்தியம் வாங்கிட்டாகளே.”

“யாரு?”

முப்பிடாதி உதிர்ந்த பிஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“ஒங்க வீட்டு அண்ணாச்சிதான். ‘இந்தப் புகையில தேனீ எங்கடே வருது? பதினாறு வருஷமா நான்தான் தடவுதேன். தான் வச்ச பூவுக்குத் தேனீ வருதுன்னு அவளுக்கு அம்புட்டு சந்தோஷம். இனி நீ பாத்துக்கோ’ன்னாகளாம்.”