தெற்கத்திச் சாப்பாடு

தட்டு வந்து வெகுநேரமாகியும் ஓசெல்லா கரண்டியைத் தொடவில்லை.

குழம்பில் ஊறிய கோழி, பன்றிக்கறி எலும்பு போட்டு வேகவைத்த கீரை, மொச்சை, வெண்டைக்காய் வறுவல், ஒரு துண்டு சோளரொட்டி. தெற்கே அலபாமாவில் அவள் வீட்டு அடுப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேகிறவைதான். சிகாகோவில் இதெல்லாம் கிடைக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கிடைத்ததில் சந்தோஷமும் இல்லை.

எதிரே கிளீவன் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டும் அப்படியே இருந்தது.

அவள் மகன் ரூயலைச் சவப்பெட்டியில் பார்த்துவிட்டு இருவரும் நேராக இங்கே வந்திருந்தார்கள். வேலைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றவன் அப்படியே சரிந்துவிட்டானாம். நாளை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகிறாள்.

அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

"ஏதாவது சாப்பிடணும் மேடம். இங்க தெற்கத்திச் சாப்பாடு நல்லாருக்கும். ரூயலும் நானும் வாராவாரம் வருவோம்" என்று கிளீவன்தான் கூட்டி வந்தான். காலையில் பஸ் நிலையத்தில் அவளை அழைத்துக்கொண்டதிலிருந்து அவன்தான் பேசுகிறான். அவள் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

கடைக்காரி ஜெர்லின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னப்பா, இன்னும் ஜெபமே முடியலையா? ஆறிப்போனா என்னைக் குறை சொல்லக் கூடாது. ஆமா, எங்க உன் கூட்டாளி? என் கோழி சலிச்சுப்போச்சாமா அவனுக்கு?"

கிளீவன் வாயைத் திறந்தான். ஓசெல்லா முந்திக்கொண்டாள்.

"நாளைக்கு ஊருக்குப் போறான்" என்றாள் ஓசெல்லா.

"அப்பாடா, இப்பவாச்சும் போறானே! அம்மாவும் போய்ச் சேந்தாச்சு, அங்க யாரைப் பாக்கப் போறதுன்னுதான் சொல்லுவான். என் கீரையை வாயில வெச்சா அவனுக்குக் கண்ணு கலங்கிடும். எங்கம்மா செய்யற மாதிரியே இருக்கும்பான். தாயில்லாப் பிள்ளையாச்சேன்னு நான் ஒரு துண்டு கறி கூடவே வெப்பேன்."

கிளீவன் மேசையைப் பார்த்தபடி இருந்தான்.

"நீங்க அவனுக்கு என்ன வேணும் அக்கா?"

"அவன் அம்மாவைத் தெரியும்."

"அப்படியா? அவங்களுக்கு என்னதான் ஆச்சு? எப்படிச் செத்தாங்கன்னு கேட்டா பேச்சை மாத்திடுவான்."

"போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது."

"ஐயோ பாவமே" என்று ஜெர்லின் அவள் தோளை அழுத்தினாள். பக்கத்து மேசையில் யாரோ காரச் சாஸ் கேட்டார்கள். போய்விட்டாள்.

கிளீவன் நிமிர்ந்து பார்த்தான்.

அன்றைக்கு ரூயல் போனைக் காதில் வைத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். "அந்தப் பையனோடதான் குடித்தனம் நடத்துவேன்னா, உங்கம்மா செத்துட்டான்னு வெச்சுக்கோ" என்று ஓசெல்லா கத்தியது அவன் காதிலும் விழுந்தது.

ரூயலும் அம்மா செத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டான்.

ஓசெல்லா சோளரொட்டியைப் பிட்டாள். ஒரு பாதியைக் கிளீவனின் தட்டில் வைத்தாள்.

"அவன் எங்க உக்காருவான்?"

காலையிலிருந்து அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி.

"நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் மேடம்."

அவள் எழுந்துகொள்ளவில்லை. கீரையில் ஒரு வாய் எடுத்து வைத்தாள். ருசி தெரியவில்லை.

மென்றுகொண்டே இருந்தாள்.