முதல் சீட்டு

“ஒரு தடவை மதிப்பு வெச்சா வெச்சதுதான்மா. அப்புறம் நானே நினைச்சாலும் மாத்த முடியாது!”

பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் நின்று தலைமை மென்பொருளாளர் முழங்கினார். நோயாளிகளுக்கு வரிசை எண் கொடுக்கும் இயந்திரத்துக்கு அன்று திறப்பு விழா. நல்லபடியாக முடிந்தால் கம்பெனியில் துணைத் தலைவர் நாற்காலி அவருக்கு. புது விசிட்டிங் கார்டுகூட அடித்து வைத்துவிட்டார்.

அவருடைய புரோகிராமில் எதற்கு எந்த எண்ணை மதிப்பாக வைத்தாலும் அது பிறகு மாறவே மாறாது. எல்லாவற்றுக்கும் பூட்டு. மாற விட்டால் எதுவும் கெட்டுப்போகும் என்பது அவர் கொள்கை.

“எல்லாத்தையுமா சார் பூட்டிட்டீங்க?” உடன் வேலை செய்யும் பெண் இழுத்தாள். “இதுவரை கொடுத்த சீட்டு எண்ணிக்கையை மட்டுமாவது...”

“முதல்ல பூட்டினதே அதைத்தான்! தொடக்கம் பூஜ்யம். அதைத் தொடாம, கூட ஒண்ணைச் சேர்த்து சீட்டுல அடிக்கும். நேத்து நானே அமுக்கிப் பார்த்தேன். ஒண்ணுன்னு முத்து மாதிரி வந்துச்சு.”

“அப்புறம் சார்?”

“அப்புறம் என்ன அப்புறம்? வீட்டுக்குப் போனேன்.”

அதற்குள் வாசலில் சத்தம். மருத்துவமனையை நடத்தும் அண்ணன் தம்பி டாக்டர்களுக்குள், முதல் சீட்டு யாருக்கு என்று ஒரு வாரமாகவே முறுக்கு.

“மூத்தவன் நான் இருக்கும்போது நீ எப்படிடா முந்துவே?”

“இந்தக் கட்டடத்துக்கு நாயா அலைஞ்சது யாருண்ணே?”

தலைமை மென்பொருளாளர் கையமர்த்தினார். “ரெண்டு வாசல்லயும் இயந்திரம் இருக்கு. ஆளுக்கொரு பக்கம் போய் அமுக்குங்க. யாரு முதல்னு என் புரோகிராம் சொல்லும். அது யாருக்கும் வளைஞ்சு கொடுக்காது!”

வெள்ளைக் கோட்டுகள் இரண்டு திசையில் பறந்தன. கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தவர்களும் பின்னாலேயே போய் ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அண்ணன் வந்து அவர் காதைக் கடித்தார். “எனக்குத்தான் ஒண்ணு! தம்பிகிட்ட சொல்லாதீங்க, வாடிடுவான். மத்த கிளைங்களுக்கும் இனி நீங்கதான்.”

தலைமை மென்பொருளாளரின் நெஞ்சு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. ‘பார்த்தியா?’ என்று அந்தப் பெண்ணை நோக்கிப் புருவத்தை உயர்த்தினார்.

தம்பி வந்து மறு காதைக் கடித்தார். “அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. ஒண்ணு எனக்கு!”

உயர்ந்த புருவம் இறங்குவதற்குள் ஒலிபெருக்கி தேன் குரலில் அழைத்தது: “எண் ஒன்று, உள்ளே வரவும்.”

கூடம் முழுக்க எழுந்து நின்றது.